ராய் ஆர்பிசனின் குரலுக்காக ஒரு டெக்கைத் திறந்தேன்

கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியே டேப் சுருள் தெரிந்தது. கறுப்பாகப் பளபளவென்று இருக்க வேண்டிய சுருளின் விளிம்பில் சாம்பல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. ஊதினால் போகிற தூசி இல்லை, பூஞ்சை. திருவான்மியூரில், கடலிலிருந்து நான்கு தெரு தள்ளியுள்ள வீட்டில், மர அலமாரிக்குள் இத்தனை வருடம் கிடந்தால் எந்த வீடியோ கேசட்டுக்கும் இதுதான் நடக்கும்.

கேசட் என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பும்போது ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளும், வழியில் சிங்கப்பூரில் இறங்கி வாங்கிய, வீடியோ கேசட் ஓட்டும் ஒரு டெக்கும் கொண்டு வந்தார். அந்தப் பெட்டியில் அவர் தனியாகத் துணி சுற்றி வைத்திருந்தது இந்த ஒன்றைத்தான். அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் ராய் ஆர்பிசனும் நண்பர்களும் பாடிய ‘எ பிளாக் அண்ட் வொயிட் நைட்’. 1987 செப்டம்பர் 30 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் இருந்த அம்பாசடர் ஓட்டலின் கோக்கனட் குரோவ் அரங்கில் நடந்த கச்சேரி. முழுக்க முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தார்கள்.

இதே கச்சேரி டிவிடி வட்டாகக் கிடைக்கிறது. 2017இல், முப்பதாண்டு நிறைவுக்காகப் புதிதாக வெட்டி ஒட்டி, முன்பு காட்டாத கோணங்களையெல்லாம் சேர்த்து, பாட்டு வரிசையையும் மாற்றி வெளியிட்டார்கள். அதை நான் மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தும் இருக்கிறேன். பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா நான் பார்த்தது இது இல்ல” என்றார். எந்தப் பாட்டுக்குப் பிறகு எது வரும், எந்த இடத்தில் யார் முகம் காட்டுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புதியதில் அது கலைந்திருந்தது. சரி, பழையதையே ஓடவைப்போம் என்று இறங்கினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முதல் ஞாயிறு டெக்குக்கு. இரண்டு விஷயங்களை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். டெக் சரியாகும்வரை மாமாவின் கேசட் அதற்குள் போகக் கூடாது. பூஞ்சை சுத்தமாகும்வரையும் போகக் கூடாது, ஏனென்றால் பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடுகிற எல்லாக் கேசட்டுக்கும் பரவும். சோதனைக்காக, பாழானாலும் கவலையில்லாத பழைய கேசட் ஒன்றை எடுத்து வைத்தேன். இந்த வேலையைத் தொடங்குகிற யாரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

டெக்கில் மின்சாரம் வந்தது. விளக்கு எரிந்தது. கேசட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. பிளே அழுத்தினால் ஹெட் சுழலும் சத்தம் வரும், நாலு நொடி ஓடும், அப்புறம் டக்கென்று நின்றுவிடும். வெளியே எடுத்தால் அரை முழம் டேப் கேசட்டுக்கு வெளியே தொங்கும். பழைய டெக் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ‘டேப்பைத் தின்னுது’ என்போம்.

காரணம் சிக்கலானது அல்ல. டேப்பை ஒரு பக்கத்திலிருந்து இழுத்துத் தள்ளுவது கேப்ஸ்டன் என்ற இரும்புத் தண்டும், அதன்மேல் அழுத்தும் பின்ச் ரோலர் என்ற ரப்பர் உருளையும். தள்ளிய டேப்பை மறுபக்கச் சக்கரம் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சக்கரத்தைச் சுழற்றுவது ரப்பர் வளையம் மாட்டிய ஒரு சின்ன இடைச்சக்கரம். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்த ரப்பர் இறுகி, கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். வழுக்கும். சக்கரம் சுழலாது. சுழலவில்லை என்று சென்சார் சொன்னவுடன் டெக் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அதற்குள் தள்ளப்பட்ட டேப் போக இடமில்லாமல் உள்ளே குவிந்துவிடும்.

மேல்மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தேன். பவர் சப்ளை பகுதியின் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும், அந்தப் பக்கம் கையே வைக்கக் கூடாது. இடைச்சக்கரத்தின் ரப்பரைக் கழற்றி, மிக நைசான உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஐஸோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துத் திருப்பி மாட்டினேன். இது நிரந்தரத் தீர்வு இல்லை. ஆனால் பழுது இதுதானா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

மூடியைத் திறந்து வைத்தபடியே சோதனைக் கேசட்டைப் போட்டேன். இந்த முறை ஓடவே இல்லை. ரீவைண்ட், ஃபார்வர்ட் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு நொடியில் நின்றது. இன்னும் எதையாவது உடைத்துவிட்டேனோ என்று ஒரு மணி நேரம் ஒவ்வொரு பல்சக்கரமாகப் பார்த்தேன். பிரச்சினை மேசை விளக்கில் இருந்தது. டேப்பின் இரு முனைகளிலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். கேசட்டின் நடுவில் நுழையும் சின்ன விளக்கின் அகச்சிவப்பு ஒளி அந்தத் துண்டின் வழியே பக்கத்தில் உள்ள சென்சாரில் பட்டால், ‘டேப் முடிந்தது’ என்று டெக் புரிந்துகொள்ளும். என் மேசை விளக்கு மூடியில்லாத டெக்குக்குள் நேராக அடித்து அதே வேலையைச் செய்திருக்கிறது. விளக்கைத் திருப்பி வைத்து, மேலே ஒரு அட்டையைப் போட்டதும் டேப் ஓடியது. திறந்த டெக்கைச் சோதிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஞாயிறு பூஞ்சைக்கு. இதை வீட்டுக்குள் செய்யக் கூடாது. மொட்டைமாடியில் உட்கார்ந்தேன், முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டேன். கேசட்டின் அடிப்பக்கத்தில் ஐந்து ஸ்க்ரூ. அவற்றைக் கழற்றிவிட்டு, இரு பாதியும் பிரியாமல் பிடித்து நேராகத் திருப்பி வைத்து, மேல்பாதியை மெதுவாகத் தூக்க வேண்டும். உள்ளே சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் குட்டி பிரேக்குகளும், முன்கதவின் சுருள்வில்லும் இருக்கின்றன. தூக்கியதும், எதையும் தொடும் முன் செல்பேசியில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டேன். அது பிறகு மிகவும் உதவியது, ஏனென்றால் அந்தச் சுருள்வில் ஒருதடவை தெறித்துப் பூந்தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. எந்தத் திசையில் மாட்டியிருந்தது என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அரை அங்குல அகலம், மயிரிழையை விட மெல்லிய டேப். அதன்மேல் படமெழுதும் தடம் ஒவ்வொன்றும் 58 மைக்ரான் அகலம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதினேழு தடம். அதில் ஒரு கீறல் விழுந்தால் திரையில் கோடு ஓடும். அதனால் தேய்க்கவே இல்லை. நூல் பிரியாத மென்துணியை ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்து, டேப்பை அதன் வழியே கையால் மெதுவாகச் சுற்றி இன்னொரு சக்கரத்துக்கு மாற்றினேன். சில அடிகளுக்கு ஒருமுறை துணியின் புது இடம். முதல் சுற்றில் துணி சாம்பல் நிறமானது, மூன்றாம் சுற்றில் வெள்ளையாகவே வந்தது. அப்புறம் இரு சக்கரங்களையும் சுத்தமான இன்னொரு கேசட் கூட்டுக்குள் மாற்றினேன். பழைய கூட்டின் மூலைகளிலும் பூஞ்சை இருந்ததால் அதைத் திரும்பப் பயன்படுத்த மனசு வரவில்லை. லேபிளை மட்டும் ஆவி காட்டி உரித்து ஒட்டினேன். மாமாவின் கையெழுத்து அதில் இருந்தது.

ஏறக்குறைய ஐந்து மணி நேர வேலை. முதுகு விட்டுப்போனது. ஆனால் டேப் கறுப்பாக, ஓரம் சமமாக, மாலை வெயிலில் மின்னியபோது வந்த சந்தோஷத்தை எழுதாமல் விட முடியாது.

அதே இரவில் முதல்முறையாக மாமாவின் டேப்பை ஓட்டினேன். அமெரிக்க டேப் என்பதால் இது என்டிஎஸ்சி என்ற வீடியோ முறை. நம் ஊர் டெக்குகள் ‘பால்’ (PAL) என்ற வேறு முறை. மாமாவின் டெக் இரண்டையும் படிக்கக்கூடியது, அவர் சிங்கப்பூரில் தேடி வாங்கியதே அதற்காகத்தான். இல்லையென்றால் இந்த முயற்சியே தொடங்கியிருக்காது.

படம் வந்தது. கீழ்ப்பகுதியில் வெள்ளைப் புள்ளிகளின் பட்டை ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது, இருந்தாலும் படம் வந்தது. மேடையில் கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கறுப்பு முடி. கையில் கிட்டார். ஆர்பிசன் அசையாமல் நிற்கிறார். ராக் அண்ட் ரோல் என்றாலே துள்ளலும் புரளலும் என்று நினைத்திருந்தவனுக்கு இந்த மனிதரைப் பார்ப்பது வேறு அனுபவம். உதடு மட்டும் அசைகிறது. அந்த உடம்பிலிருந்து இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று கேமரா தேடித் தேடி அலைகிறது.

அவருக்குப் பின்னால் நிற்பவர்களைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். தாளமும் பியானோவும் கிட்டாரும் பேஸும் எல்விஸ் பிரெஸ்லியின் மேடைக் குழுவிலிருந்து வந்தவர்கள்: ஜேம்ஸ் பர்ட்டன், கிளென் ஹார்டின், ஜெரி ஷெஃப், ரான் டட். கிட்டாரோடு ஒரு ஓரமாக நிற்பவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். எல்விஸ் காஸ்டெல்லோ இருக்கிறார். ஆர்கன் வாசிப்பவர் டாம் வெயிட்ஸ். பின்பாட்டுக்கு பானி ரெய்ட், கே.டி. லாங், ஜெனிஃபர் வார்ன்ஸ், ஜாக்சன் பிரவுன். ஒவ்வொருவரும் தனியாக ஓர் அரங்கை நிறைக்கக்கூடியவர்கள். இங்கே பக்கவாத்தியமாகவும் கோரஸாகவும் நிற்கிறார்கள், அதுவும் எவ்வளவு சந்தோஷமாக. இந்த ஒருங்கிணைப்பைச் செய்தவர் டி-போன் பர்னெட்.

கேட்டுக்கொண்டே வந்தேன். ‘ரன்னிங் ஸ்கேர்ட்’ வந்தது. அவர் 1961இல் பாடிய பாட்டு. இதற்குப் பல்லவி என்று ஒன்று கிடையாது. பொலேரோ தாளத்தில், கிட்டாரின் மெல்லிய அடியோடு கிட்டத்தட்டப் பேச்சுக் குரலில் தொடங்கும். ஒவ்வொரு அடியும் முந்தையதை விட ஒரு படி மேலே ஏறும். வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேரும். இரண்டே நிமிடச் சொச்சம். எல்லாம் கடைசியில் வருகிற ஒரு உச்ச ஸ்வரத்துக்காக. அதை அவர் பொய்க்குரலில் தொடுவதில்லை, முழுக்குரலில், நெஞ்சிலிருந்து பிடிப்பார்.

அந்த ஸ்வரம் ஆடியது.

சாதாரணமாக ஆர்பிசனின் குரலில் ஒரு நடுக்கம் உண்டு, அது அவரது அழகு. இது அது இல்லை. ஸ்ருதியே மேலும் கீழும் தள்ளாடியது, காற்றில் ஆடும் தொட்டில்போல. எனக்கு மனசு கனத்துப்போனது. அன்று அவருக்கு 51 வயது. 1978இல் இதய அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. 1966இல் மனைவியை மோட்டார் சைக்கிள் விபத்தில் இழந்தவர், 1968இல் வீடு தீப்பிடித்து இரண்டு மகன்களை இழந்தவர். இந்தக் கச்சேரி நடந்து பதினைந்து மாதங்கள்கூட ஆகாமல், 1988 டிசம்பர் 6 அன்று 52 வயதில் இறந்துவிட்டார். குரல் தளர்ந்துவிட்டதுபோல, வயது அப்படி, என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு மெதுவான பாட்டின் முடிவில் பியானோவின் ஒரு கார்டு நீண்டு ஒலித்தது. அதுவும் ஆடியது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பியானோவின் கம்பியை ஒருமுறை சுத்தியல் தட்டிய பிறகு அதன் ஸ்ருதியை யாராலும் ஆட்ட முடியாது. கிளென் ஹார்டினால் முடியாது, எவராலும் முடியாது. பியானோ ஆடினால் டேப் ஆடுகிறது என்று அர்த்தம். டேப் சீரான வேகத்தில் நகரவில்லை. நான் தளர்ச்சி என்று நினைத்தது அந்த மனிதரின் குரலில் இல்லை, சிங்கப்பூர் டெக்கின் ரப்பரில் இருந்தது. பழைய டேப் எதையும் சோதிப்பவர்கள் பியானோ வருகிற இடத்தைத் தேடிக் கேளுங்கள். அதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரத்தில், எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கிடைக்கும் என்ற நம்பிக்கை அதிகமில்லை. இரண்டு கடைகளில் தலையாட்டினார்கள். ஒரு மாடிப்படியின் கீழ் உட்கார்ந்து ஸ்பீக்கர் கோன் ஒட்டிக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் என் கையிலிருந்த பின்ச் ரோலரை வாங்கி, நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

“கல்லா ஆயிருச்சு தம்பி. இதைத் தேய்ச்சாலும் வராது. எந்த மிஷின்?”

சொன்னேன்.

“என்ன பார்க்கப் போறீங்க, கல்யாண கேசட்டா?”

“இல்லண்ணே, ஒரு கச்சேரி. இங்கிலீஷ் பாட்டு.”

“அப்ப ரோலர் புதுசாத்தான் போடணும். பாட்டுன்னா காது கண்டுபிடிச்சுரும். கண்ணு விட்டுடும்.”

பழைய டெக் ஒன்றின் உடலிலிருந்து ஒரு ரோலரைக் கழற்றி, ரப்பர் இன்னும் மெத்தென்று இருக்கிறதா என்று எனக்கே அழுத்திக் காட்டினார். இடைச்சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் வளையம் தேடிக் கொடுத்தார். இரண்டுக்குமாக 200 ரூபாய். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ரோலரை மாட்டும் சாக்கில், ஹெட்டுகளைத் தாங்கிச் சுழலும் உருளையான ஹெட் டிரம்மையும் சுத்தம் செய்தேன். இதில் பலர் தவறு செய்கிறார்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்து டிரம்மின் மேல் தேய்க்கக் கூடாது. ஹெட் என்பது டிரம்மின் விளிம்பில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் துணுக்கு. பஞ்சின் ஒரு இழை அதில் சிக்கினால் உடைந்துவிடும், மேலும் கீழுமாகத் தேய்த்தாலும் உடைந்துவிடும். சாதாரண வெள்ளைத் தாளை ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் டிரம்மை மேலிருந்து மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றுவது டிரம், தாள் அசையாது. தாளில் பழுப்புக் கோடுகள் விழுந்தன. நாலு தாள் மாற்றிய பிறகு கோடு விழவில்லை.

இப்போது ஓட்டியபோது டெக்கின் முகப்பில் இதுவரை எரியாத ஒரு விளக்கு எரிந்தது. ‘ஹை-ஃபை’. இரண்டு நொடி எரிந்து அணைந்தது, மறுபடி எரிந்தது. ஹெட்டை டேப்பின் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங் குமிழை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினேன். நிலைத்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சின்ன விளக்கில்தான் மொத்தக் கச்சேரியும் இருக்கிறது. வீடியோ டேப்பில் ஒலி இரண்டு இடத்தில் பதிவாகிறது. ஒன்று, டேப்பின் விளிம்பில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய தடம். நொடிக்கு 33 மில்லிமீட்டர்தான் நகரும். பாட்டு கேசட்டைவிடவும் மெதுவான வேகம் இது. அதனால் மேல் ஸ்தாயி மங்கிவிடும், ரப்பரின் ஒவ்வொரு தடுமாற்றமும் ஸ்ருதியில் கேட்கும். இன்னொன்று ஹை-ஃபை. அது படத்தோடு சேர்த்து, சுழலும் டிரம்மில் உள்ள ஹெட்டுகளால் எழுதப்படுகிறது. முதலில் ஒலியைக் காந்தப்பூச்சின் ஆழத்தில் எழுதி, உடனே அதன் மேல் பரப்பில் படத்தை எழுதுகிறார்கள். இரண்டின் ஹெட் கோணமும் வேறு என்பதால் கலப்பதில்லை. டிரம் நிமிடத்துக்கு 1800 சுற்று சுழல்வதால், டேப் மெதுவாகப் போனாலும் ஹெட் அதன்மேல் பாயும் வேகம் அதிகம். அதனால் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும், ஆட்டம் கிட்டத்தட்ட இல்லை, மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே பெரிய இடைவெளியையும் தாங்கும். ஆனால் ஹெட்டில் அழுக்கு இருந்தாலோ, தடம் கொஞ்சம் விலகினாலோ, டெக் சொல்லாமல் கொள்ளாமல் பழைய ஓரத்தடத்துக்கு மாறிவிடும். போன வாரம் முழுவதும் நான் கேட்டது அந்த ஓரத்தடத்தைத்தான்.

மறுபடியும் ‘ரன்னிங் ஸ்கேர்ட்’. தொடக்கத்தின் கிட்டார் அடி, கம்பியில் நகம் படுவது உட்பட, தனியாகக் கேட்டது. குரல் ஏறியது. வயலின்கள் வந்தன. டட்டின் டிரம் நெருங்கியது. கடைசி ஸ்வரம் ஒரு தூணைப்போல எழுந்து, ஆடாமல், அசையாமல் நின்றது. 51 வயதில், முழுக்குரலில், முகத்தில் ஒரு நரம்புகூடப் புடைக்காமல். அதைப் பாடி முடித்துவிட்டு அவர் செய்தது ஒன்றுமில்லை, சும்மா நிற்கிறார். நான் தனியாக இருந்த அறையில் கைதட்டினேன்.

ஆனால் ஒரு குறை மிச்சமிருந்தது. பாட்டு மெல்லியதாகும்போதெல்லாம் ‘உம்ம்ம்’ என்று அடியில் ஓர் இரைச்சல். மற்ற கச்சேரி என்றால் விட்டிருப்பேன். ஆர்பிசன் பாட்டில் விட முடியாது. அவர் உச்சத்துக்குப் போவது எவ்வளவு முக்கியமோ, கிசுகிசுப்பிலிருந்து தொடங்குவதும் அவ்வளவு முக்கியம். ‘இன் ட்ரீம்ஸ்’ தொடங்கும்போது அவர் ஒரு குழந்தையைத் தூங்கவைப்பதுபோலப் பேசுகிறார். அதன் அடியில் இரைச்சல் கேட்டால் பாட்டின் பாதி போய்விட்டது.

டெக்கைத் தனியாக ஹெட்ஃபோனில் கேட்டால் இரைச்சல் இல்லை. ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் இருக்கிறது. டிவியின் கேபிள் ஒயரைப் பிடுங்கினால் மறைகிறது. அப்படியென்றால் எர்த் சுழல். கேபிள் ஒயர் ஒரு இடத்தில் தரையோடு இணைகிறது, ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கின் வழியே தரையோடு இணைகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஆடியோ ஒயரின் உறை வழியே ஓடி 50 ஹெர்ட்ஸ் முனகலாகிறது. சிலர் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடச் சொல்வார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள், அது உயிரைக் காக்கிற முள். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டி, கச்சேரி பார்க்கும்போது கேபிள் ஒயரைக் கழற்றி வைத்தேன். செலவே இல்லாமல் அமைதி வந்தது.

கடைசியாகப் படம். கணினியில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும், இந்த டேப் இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது. யுஎஸ்பி கேப்சர் கருவி வழியே பதிவு செய்து பார்த்தால், கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பச்சையும் ஊதாவுமாக மெல்லிய புகை மிதந்தது. வெளிர் நிற இடங்களில் நன்றாகத் தெரிந்தது. வண்ணமே இல்லாத கச்சேரியில் வண்ணம் எங்கிருந்து வந்தது? டேப்பில் வண்ணத் தகவலுக்கென்று தாழ்ந்த அதிர்வெண்ணில் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. படத்தில் வண்ணம் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் டேப்பின் இரைச்சல் இருக்கும், டெக் அதையே வண்ணமாகப் படித்துவிடுகிறது. கேப்சரில் வண்ண அளவைப் பூஜ்ஜியமாக்கினேன். புகை மறைந்தது. வண்ணப் படமாக இருந்தால் இந்த இரைச்சலோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். இந்தப் படத்துக்கு ஒரு குமிழ் போதுமானதாக இருந்தது.

கறுப்பின் அளவுதான் அதிக நேரம் எடுத்தது. அமெரிக்க என்டிஎஸ்சியில் கறுப்பு என்பது சுத்தமான பூஜ்ஜியத்தில் தொடங்காது, 7.5 என்ற அளவிலிருந்து தொடங்கும். அதைக் கவனிக்காமல் பதிவு செய்தால் கறுப்பெல்லாம் சாம்பலாக வெளிறிவிடும். அதைச் சரிசெய்கிறேன் என்று அதிகமாக இறக்கினால் எல்லாம் ஒரே மையில் மூழ்கிவிடும். இந்தக் கச்சேரியில் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பு உடுப்பு, பின்னணியும் இருட்டு. கோட்டின் மடிப்பு தெரிய வேண்டும். ஆர்பிசனின் கண்ணாடிச் சட்டமும் அவரது முடியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அதையே குறியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி இறக்கினேன். கண்ணாடியின் மேல்விளிம்பு முடியிலிருந்து பிரிந்து தெரிந்த இடத்தில் நிறுத்தினேன். தரம் இழக்காத முறையில் சுருக்கிப் பதிந்ததில் ஒரு மணி நேரச் சொச்சத்துக்கு ஏறக்குறைய 30 ஜிபி ஆனது. நொடிக்கு அறுபது அரைப்படங்கள் வீதம் வரும் பழைய முறையை, அந்த வேகம் குறையாமல் முழுப்படங்களாக்கினேன். ஸ்பிரிங்ஸ்டீனின் கை கிட்டாரில் ஓடும்போது இழுபடாமல் தெரிகிறது.

நான்காவது ஞாயிறு மாமாவை அழைத்தேன். டெக்கை நடுவில் வைத்து, கேபிள் ஒயரைக் கழற்றி, மின்விசிறியையும் நிறுத்தினேன். வியர்த்தது, ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அறை அமைதியாக இருந்தது.

மாமா அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு பாட்டும் முடியும் முன்பே அடுத்த பாட்டின் முதல் வரியை உதட்டில் வைத்திருந்தார். கடைசியில் ‘பிரிட்டி வுமன்’. ஜேம்ஸ் பர்ட்டனும் ஸ்பிரிங்ஸ்டீனும் கிட்டாரில் ஒருவருக்கொருவர் கேள்வி பதில் போடத் தொடங்கினார்கள். பாட்டு முடியப் போகிறது என்று நினைத்தால் இன்னொரு சுற்று, அதற்கப்புறம் இன்னொன்று. மாமா பர்ட்டனின் விரல்களைக் காட்டி, “இந்தாளைப் பாரு, வேலைக்கு வந்த மாதிரி நிக்கிறார் பாரு” என்றார். பக்கத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் சிறுவனைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஜனவரியில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ஆர்பிசனை அறிமுகம் செய்து பேசியவர் அவர்தான்.

டேப் முடிந்தது. அம்பாசடர் ஓட்டலை இடித்தும் பல வருடம் ஆகிவிட்டது என்று மாமாவிடம் சொன்னேன். தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார்.

“அந்த ‘ரன்னிங் ஸ்கேர்ட்’ மட்டும் இன்னொருதடவை போடு மாப்ளே.”

கணினியில் இருந்த பிரதியைத் திறக்கப் போனேன். டேப்பை இனி அடிக்கடி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

“அதுல வேணாம். இதுலயே போடு.”

ரீவைண்ட் அழுத்தினேன். புது ரப்பர் ஒரே சீராகச் சுற்றியது, எங்கும் இழுக்கவில்லை. கவுண்டரில் எண்கள் பின்னோக்கி ஓடின. நான் நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருந்தேன். மாமா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.